குட்டிப் பச்சோந்தியின் கூண்டு: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்குவது எப்படி

"குட்டி கறுத்துப்போயே இருக்கிறது." "எதையும் சாப்பிட மாட்டேன் என்கிறது." "வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருக்கிறது." புதிதாகப் பச்சோந்தி வளர்ப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். போய்ப் பார்த்தால் பழுது குட்டியிடம் இருப்பது அபூர்வம். விளக்கின் உயரத்திலோ, தண்ணீர் தெளிக்கும் நேரத்திலோ, கூண்டு நிற்கும் இடத்திலோதான் இருக்கும். அதனால் முதலில் கூண்டைச் சோதியுங்கள், பிறகு குட்டியை. விதிவிலக்காக உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகளை அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

குட்டி வீட்டுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே விளக்கு, தெளிப்பான், செடி எல்லாவற்றையும் வைத்துக் காலிக் கூண்டை ஓடவிடுங்கள். கீழே உள்ள பழுதுகளில் பாதி அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். தேடும்போது செலவில்லாததை முதலிலும், புதிதாக வாங்க வேண்டியதைக் கடைசியிலும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும். விளக்கை உயர்த்தி, இடத்தை மாற்றி, இரையையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமலே போகும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அளவுகள்

இங்கே சொல்வது ஏறக்குறைய 3 மாதம் ஆன ஏமன் பச்சோந்தி, பாந்தர் பச்சோந்தி ஆகிய இரண்டின் குட்டிகளுக்கு. மூன்று கொம்புள்ள ஜாக்சன் பச்சோந்தி மலைக்குளிரில் வாழ்வது. இந்தச் சூட்டு அளவுகளை அதற்கு வைக்காதீர்கள். 3 மாதத்துக்கும் குறைந்த குட்டியை யாராவது நீட்டினால் இன்னும் சில வாரம் அங்கேயே வளரட்டும் என்று சொல்லிவிடுங்கள். காட்டில் பிடித்ததை வாங்கவே வேண்டாம். இந்த இனங்கள் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. வளர்ப்பில் பிறந்தது என்பதற்குத் தாள் கேட்டு வாங்குங்கள், உங்கள் நாட்டுச் சட்டம் வளர்க்க அனுமதிக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

- கூண்டு: குட்டிக்கு 40×40×75 செ.மீ. போதும். வளர்ந்தபின் 60×60×120 செ.மீ. வேண்டும். பெரிய கூண்டிலேயே தொடங்கலாம். குட்டியையும் இரையையும் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் பாடு.
- வெயில் காயும் கிளை (சூடு தரும் பல்புக்குக் கீழே இருப்பது): குட்டியின் முதுகு வரும் உயரத்தில் 27 முதல் 29 டிகிரி செல்சியஸ். மற்ற இடங்களில் 22 முதல் 25.
- இரவு: 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நல்லதே. முழு இருட்டு வேண்டும். சிவப்பு பல்பு, நீல பல்பு எதுவும் கூடாது.
- யூவிபி (எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிர்): டி5 எச்ஓ வகை நீளக் குழல்விளக்கு, 5.0 அல்லது 6 சதவீதம் என்று அச்சிட்டது. வலைக்கூரைக்கு மேலே வைத்து, முதுகுக்கும் விளக்குக்கும் 20 செ.மீ. அளவு இடைவெளி. பகலில் 12 மணி நேரம்.
- ஈரப்பதம்: பகலில் 50 சதவீதம் சுற்றி. இரவில் அறை குளிர்ந்திருந்தால் 80க்கு மேல் போகலாம்.

## குட்டி வருவதற்கு முன்

### வெயில் கிளையில் 30 டிகிரிக்கு மேல் போகிறது

முதலில் எங்கே அளக்கிறீர்கள் என்று பாருங்கள். கூண்டுச் சுவரில் ஒட்டிய வட்ட டயல் மானி காட்டுவது சுவரின் சூட்டை. கம்பி முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானியை வாங்கி, முனையைக் கிளைக்கு ஓரிரு விரல்கடை மேலே, குட்டியின் முதுகு வரும் இடத்தில் கட்டுங்கள். அறை அதிகம் சூடாகும் நேரத்தில் படியுங்கள். காலையில் சரியாக இருந்த கூண்டு பிற்பகலில் நாலு டிகிரி ஏறி நிற்கும்.

மானி கையில் இல்லையென்றால் புறங்கையை அதே உயரத்தில் ஒரு நிமிடம் வையுங்கள். சுள்ளென்று உறைத்தால் குட்டிக்கு அது அதிகம். பச்சோந்தி சுட்டால் விலகிவிடும் என்று நினைக்காதீர்கள். முதுகு வெந்துகொண்டிருக்கும்போதே அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இனி சரிசெய்யும் வரிசை. கிளையைத் தாழ்த்துங்கள். போதவில்லையா, விளக்கை வலைக்கூரையிலிருந்து சில செ.மீ. உயர்த்துங்கள். இது இன்னொரு காரணத்துக்காகவும் தேவை: குட்டி வலைக்கூரையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பல்புக்கு நேர் அடியில் வந்துவிடும். அப்போது அளவு பார்த்த கிளைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. அதன் பிறகு வாட் குறைந்த பல்பு, கடைசியாக டிம்மர் அல்லது தெர்மோஸ்டாட். விளக்கைக் கூண்டுக்கு உள்ளே மாட்டுவது எந்த நிலையிலும் தீர்வாகாது.

சூடு ஏறவே இல்லை என்றால் இதே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஏசி அல்லது மின்விசிறிக் காற்று நேரே கூண்டில் படுகிறதா என்பதை மட்டும் கூடுதலாகப் பாருங்கள்.

### தெளித்த ஈரம் மதியம் வரை காயவில்லை

காலையில் தெளித்தது இரண்டு மணி நேரத்துக்குள் இலையிலிருந்து காய்ந்துவிட வேண்டும். காயாமல் நின்றால்:

1. தெளிக்கும் நேரத்தைக் குறையுங்கள். விளக்கு எரிவதற்கு முன் இரண்டு நிமிடம், அணைந்தபின் இரண்டு நிமிடம் போதும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் பெரும்பாலான கூண்டுகளைச் சேற்றுக்குட்டை ஆக்குகிறது.
2. செடிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் நகர்த்தி, நடுவில் காற்றுக்கு வழி விடுங்கள்.
3. நாலு பக்கமும் கண்ணாடி என்றால் கீழே ஓர் இடைவெளி, மேலே வலை என்று காற்று ஏறும்படி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கூண்டு மீனுக்கோ பாம்புக்கோ ஆகும். வலைக்கூண்டு வாங்கத்தான் வேண்டும்.

இரவில் ஃபாகர் (மூடுபனிபோல் நுண்துளிகளை விடும் கருவி) வைப்பவர்களுக்கு: அறை 20, 21 டிகிரிக்கு மேல் நிற்கும் இரவுகளில் அதைப் போடாதீர்கள். சூடும் ஈரமும் தேங்கிய காற்றும் சேர்ந்தால் நுரையீரல் தொற்றுக்கு நாமே பாய் விரித்ததாகிவிடும். ஃபாகர் தொட்டியை வாரம் ஒருமுறையாவது கழுவிக் காயவைக்காதவர்கள் அதை வாங்காமலே இருப்பது மேல்.

### தெளித்த கால் மணி நேரத்தில் எல்லாம் காய்ந்துவிடுகிறது

மின்விசிறி, ஏசி, சன்னல் காற்று இவற்றிலிருந்து கூண்டைத் தள்ளி வையுங்கள். அடுத்து உயிர்ச்செடிகளைக் கூட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வலைக்கூண்டின் பின்புறத்தையும் இரண்டு பக்கங்களையும் தெளிவான பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். முன்புறமும் கூரையும் திறந்தே இருக்கட்டும். கூரையை மூடினால் யூவிபி உள்ளே வராது. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் அதைத் தடுத்துவிடும். சன்னலோர வெயில் யூவிபி விளக்குக்கு ஈடாகாததும் இதனால்தான்.

### கூண்டின் அடியில் தண்ணீர் தேங்கி நாறுகிறது

தரையில் தேங்காய் நார், மரத்தூள், மண் எதுவும் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். குட்டி நாக்கை நீட்டும்போது அதுவும் ஒட்டி வயிற்றுக்குள் போகும். வெறும் தரை, அதில் துளைகள், கீழே ஒரு தட்டு. தட்டைத் தினமும் கொட்டினால் போதும்.

### செடிகள்

இது அறிகுறி இல்லை. ஆனாலும் பாதிப் பேர் சறுக்கும் இடம். ஏமன் பச்சோந்தி இலை தின்னும். அரளி, டிஃபன்பாக்கியா போன்ற நச்சுச் செடிகள் கூண்டுக்குள் வரவே கூடாது. பிளாஸ்டிக் இலையும் வேண்டாம். கடித்து விழுங்கினால் குடல் அடைக்கும். செம்பருத்தி, ஷெஃப்ளேரா, மணி பிளாண்ட் இவை வழக்கமாக எல்லோரும் வைப்பவை. நாற்றுப் பண்ணையிலிருந்து வந்த செடியில் பூச்சிமருந்து இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இலையின் இரு பக்கத்தையும் கழுவி, உரமில்லாத மண்ணில் மாற்றி நட்டு, மண்ணின் மேல் குட்டியின் தலையைவிடப் பெரிய கூழாங்கற்களைப் பரப்புங்கள்.

கிளைகளில் குட்டியின் பிடிக்குள் அடங்கும் மெல்லிய குச்சிகள் நிறைய இருக்கட்டும். அவற்றைப் படுக்கைவாட்டில், ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கால் எட்டும் தூரத்தில் கட்டுங்கள். அலங்காரத்துக்கென்று ஒரே ஒரு தடித்த மரக்கட்டையைச் செங்குத்தாக நிறுத்திய கூண்டில் குட்டி வலையைப் பிடித்துத் தொங்கியே காலம் தள்ளும்.

## குட்டி வந்த பின்

### நாள் முழுதும் கறுத்த நிறம்

காலையில் விளக்கு எரிந்த முதல் ஒரு மணி நேரம் கறுத்திருந்தால் அது வெயில் காய்கிறது, விட்டுவிடுங்கள். சூடேறியதும் நிறம் வெளுத்துத் தெளிய வேண்டும். வந்த முதல் இரண்டு, மூன்று நாள் கறுப்பும் புது இடத்து மிரட்சிதான். அதற்குப் பிறகும் மாறவில்லையா:

1. கூண்டின் உயரம். தரையிலோ தாழ்ந்த மேசையிலோ இருந்தால் நீங்கள் மேலிருந்து வரும் பருந்து. கூண்டின் மேல்பகுதி உங்கள் தலைக்கு மேலே வரும்படி ஏற்றி வையுங்கள். நான் பார்த்த அளவில் இந்த ஒன்றிலேயே பலருடைய சிக்கல் தீர்ந்துவிடுகிறது.
2. நடமாட்டம். வாசற்படி, தொலைக்காட்சி, பூனை, நாய். இடம் மாற்ற முடியாவிட்டால் மூன்று பக்கமும் துணியோ அட்டையோ கட்டுங்கள்.
3. பிரதிபலிப்பு. கண்ணாடிக் கூண்டில் தன் உருவத்தையே எதிரியாகப் பார்த்துக் கறுக்கும். விளக்கு எரியும்போது உள்ளே குட்டி இருக்கும் உயரத்தில் கைப்பேசியை வைத்துப் படமெடுத்தால் அது பார்ப்பது உங்களுக்கும் தெரியும்.
4. இன்னொரு பச்சோந்தி. ஒரு கூண்டுக்கு ஒன்றுதான். கண்ணில் படும்படி பக்கத்துக் கூண்டில் இருந்தாலும் பிரச்சினையே.
5. வெயில் கிளையின் சூடு குறைவு. மேலே சொன்னபடி அளந்து பாருங்கள்.
6. ஒளிய இடமில்லை. கூண்டின் நடுவில் இலையடர்த்தி இருக்க வேண்டும், சுவரோரத்தில் மட்டும் இருந்தால் போதாது.

கறுப்போடு கண் மூடலோ, சாப்பிடாமையோ சேர்ந்தால் இந்தப் பட்டியலை முடிக்கக் காத்திருக்காதீர்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

### வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறது

எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

விளக்கின் கீழே, உடல் வெளுத்த நிறத்தில்: சூடு அதிகம். விளக்கை உடனே அணைத்து, அரை மணி நேரத்தில் வாய் மூடுகிறதா பாருங்கள். மூடினால் முதல் பகுதிக்குப் போய்ச் சூட்டைச் சரிசெய்யுங்கள்.

குளிர்ந்த இடத்திலும் அப்படியே, அல்லது தலையை மேலே தூக்கியபடி: நுரையீரல் தொற்றாக இருக்கலாம். அறை அமைதியாக இருக்கும்போது காதைக் கொடுத்தால் சின்னச் சின்ன டிக், டிக் சத்தம் கேட்கும். வாயோரத்தில் நூல்போல எச்சிலோ குமிழியோ தெரியும். வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை. அன்றே மருத்துவரிடம்.

உங்கள் கையைக் கண்டதும் மட்டும்: கோபம். கையை எடுங்கள்.

### சாப்பிடவில்லை

முதல் நாள், இரண்டாம் நாள் என்றால் கூண்டைத் திறக்காமல் விட்டுப் பாருங்கள். பெரிய பச்சோந்தி சில நாள் தாங்கும். குட்டி அப்படித் தாங்காது. இரண்டு நாள் முழுதாக எதுவும் தொடவில்லை என்றால் மூன்றாம் நாள் காலையில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். அதற்கிடையில்:

1. நீங்கள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? வெளியே போங்கள். பல குட்டிகள் ஆள் நிற்கும்வரை நாக்கை நீட்டாது. எண்ணிப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து எண்ணிப் பாருங்கள்.
2. இரை பெரிதா? குட்டியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. சின்ன கிரிக்கெட் பூச்சியும் பழ ஈயும் பொருத்தம். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு.
3. இரை கண்ணில் படுகிறதா? கிரிக்கெட் பூச்சிகள் இறக்கிவிட்ட நொடியே தொட்டி மண்ணுக்குள்ளும் இலைக்கு அடியிலும் ஒளிந்துகொள்ளும். வழவழப்பான உட்சுவருள்ள டப்பா ஒன்றில் சொரசொரப்பான துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்து, வெயில் கிளைக்கு அருகே கட்டுங்கள். பூச்சி அதில் மட்டுமே ஏறி வரும், குட்டியும் குறி வைக்கும்.
4. சூடு போதவில்லையா? வயிறு சூடேறாமல் செரிக்காது, செரிக்காமல் பசிக்காது.
5. தோல் உரிக்கப் போகிறதா? உடம்பு முழுதும் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்திருந்தால் ஒரு நாள் சாப்பிடாமல் இருக்கும். குட்டிகளுக்கு இது அடிக்கடி நடக்கும். உரியும் தோலை இழுத்துவிடாதீர்கள்.
6. குடற்புழுவா? எச்சம் தண்ணீராகவோ கடும் நாற்றத்துடனோ இருந்தால் அதைச் சின்ன டப்பாவில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். எச்சம் நன்றாக இருந்தாலும் வந்த முதல் மாதத்தில் ஒருமுறை இந்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

நாக்கை நீட்டுகிறது, ஆனால் இரையை எட்டவில்லை அல்லது நாக்கு பாதியில் நிற்கிறது என்றால் அது சாப்பிடாத குட்டி இல்லை. கீழே 'கால் வளைந்திருக்கிறது' என்ற பகுதியைப் படியுங்கள்.

இரவில் மீதமுள்ள கிரிக்கெட் பூச்சிகளை எடுத்துவிடுங்கள். தூங்கும் குட்டியை அவை கடிக்கும்.

### கண் குழிவிழுந்திருக்கிறது, எச்சத்தில் ஆரஞ்சு நிறம்

பச்சோந்தியின் கண் கோபுரம்போல் முழுதாகப் புடைத்து நிற்க வேண்டும். எச்சத்தில் பழுப்பும் வெள்ளையும் இருக்கும். அந்த வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் தண்ணீர் போதும். நுனியில் கொஞ்சம் மஞ்சள் பரவாயில்லை. பாதிக்கு மேல் ஆரஞ்சு என்றால் உடம்பில் தண்ணீர் இல்லை.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறீர்களா? அதைப் பச்சோந்தி கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். தெளிப்பு நுண்மையாக இருக்கிறதா, குட்டி உட்காரும் பக்கத்து இலைகளில் துளி நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டம்ளரின் அடியில் ஊசியால் துளையிட்டுக் கூண்டின் மேல் வையுங்கள். துளி ஓர் இலையில் விழுந்து அடுத்த இலைக்குச் சொட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஊசியில்லா சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சாதீர்கள். தண்ணீர் மூச்சுக்குழாயில் போய்விடும்.

இவ்வளவும் செய்து ஒரு நாளில் கண் நிமிரவில்லை என்றால் மருத்துவர்.

### பகலில் கண்ணை மூடுகிறது

ஆரோக்கியமான பச்சோந்தி பகலில் தூங்காது. ஒரு கண்ணை மட்டும் மூடி உள்ளே உருட்டினால் தூசியைத் துடைக்கிறது. வெதுவெதுப்பான நீரை நீண்ட நேரம் நுண்மையாகத் தெளித்துவிட்டால் தானே கழுவிக்கொள்ளும். இரண்டு கண்ணும் மூடியிருந்தால் யூவிபி விளக்கைப் பாருங்கள். மிக அருகில் இருக்கலாம், அல்லது சுருள் வடிவ பல்பாக இருக்கலாம். சுருள் பல்பை மாற்றி நீளக் குழல் போடுங்கள். இரவில் அறை விளக்கு எரிந்து தூக்கம் கெட்டதா என்றும் பாருங்கள்.

இது எதுவும் இல்லை என்றால் மறுநாள்வரை பொறுக்க வேண்டாம். பகலில் கண் மூடிய குட்டி ஏற்கெனவே சில நாளாக நோயில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

### வலையில் ஓயாமல் ஏறி இறங்குகிறது, தரையில் நடக்கிறது

வெளியே போக வழி தேடுகிறது. இலையடர்த்தி குறைவு, கிளைகள் போதாது, சூடு அதிகம், எதிரே ஏதோ பயமுறுத்துகிறது: இந்த வரிசையில் பாருங்கள். வந்த முதல் ஓரிரு நாள் மட்டும் என்றால் கூண்டைத் துணியால் பாதி மூடிவிட்டு விட்டுவிடலாம். நகம் வலையில் சிக்கிக் கிழிந்திருக்கிறதா என்று கால்விரல்களைப் பார்த்துவிடுங்கள்.

### கால் வளைந்திருக்கிறது, நடுங்குகிறது, பிடி நழுவுகிறது

நலமான குட்டி நடக்கும்போது உடல் கிளையிலிருந்து எழும்பி நிற்கும். வயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தாலோ, முன்னங்கால் வில்லாக வளைந்தாலோ, தாடை மென்மையாகத் தெரிந்தாலோ, நாக்கு சரியாக நீளாவிட்டாலோ எலும்பில் கால்சியம் குறைகிறது. கூண்டில் பார்க்க வேண்டியவை:

1. யூவிபி குழலுக்கும் குட்டிக்கும் நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கிறதா?
2. குழலுக்கு வயதென்ன? ஓராண்டு ஆனதும் டி5 குழலை மாற்றுங்கள். வெளிச்சம் அப்படியே இருக்கும், யூவிபி குறைந்திருக்கும். மாட்டும் நாளிலேயே தேதியை மார்க்கரால் குழலின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.
3. கால்சியம் பொடி. வைட்டமின் டி3 சேராத பொடியை ஒவ்வொரு வேளையும் இரைமீது மெல்லியதாகத் தூவுங்கள். டி3 உள்ள மல்டிவிட்டமின் மாதம் இருமுறை போதும். கூடினால் அதுவும் நஞ்சே.
4. இரைப்பூச்சி என்ன தின்கிறது? பட்டினிப் பூச்சி வெறும் ஓடு. கீரை, கேரட் போட்டு ஒரு நாள் வளர்த்தபின் கொடுங்கள்.

கூண்டைத் திருத்தினால் மேலும் கெடாமல் நிற்கும், ஏற்கெனவே வளைந்தது நிமிராது. ஆகவே இந்த ஓர் அறிகுறிக்கு வரிசையைத் தலைகீழாக்குங்கள்: மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டு, பிறகு விளக்கைச் சோதியுங்கள். பொடியின் அளவை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள்.

## மருத்துவரிடம் போகும்போது

ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் எல்லா இடத்திலும் இருக்க மாட்டார். குட்டி வருவதற்கு முன்பே தேடி எண்ணைக் குறித்து வையுங்கள். மேலே சொன்னவற்றோடு, முதுகில் வெந்த தழும்பு, வீங்கிய மூட்டு, உயரத்திலிருந்து விழுந்தபின் ஒரு காலை ஊன்றாமை இவற்றுக்கும் அன்றே போக வேண்டும்.

எடுத்துப் போக வேண்டியவை: கூண்டு முழுதும் தெரியும் படம், விளக்குப் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்கள், வெயில் கிளையின் சூடு, பொடி டப்பா, ஒரு நாளுக்குள் போட்ட எச்சம். குட்டியைக் காற்றோட்டமுள்ள சின்னப் பெட்டியில், நகராதபடி கட்டிய ஒரு குச்சியின்மேல் ஏறவிட்டு, பெட்டியைத் துணியால் மூடுங்கள். இருட்டில் அமைதியாக வரும். வழியில் திறந்து திறந்து பார்க்காதீர்கள். வீடு திரும்பியதும் கையில் எடுக்காமல், பெட்டியைத் திறந்து கிளையோரம் வைத்துவிட்டால் தானாக ஏறிப் போய்விடும்.